கண் திறவாத கணிப்பொறி

முதல் நாள் இரவு ஒழுங்காக அணைத்து வைத்த கணிப்பொறி மறுநாட் காலை எழ மறுப்பதுண்டு. பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்திற்கு இது சிறு தொல்லையன்று. ஊரிலுள்ள நிலத்தின் பட்டா நகலும், மறைந்த பாட்டியின் நிழற்படமும், பிள்ளையின் சான்றிதழும் அப்பெட்டிக்குள்ளேயே இருத்தல் கூடும். ஆதலின் முதற்கண் ஒன்றைத் தெளிந்து கொள்வோம்: பொறி தொடங்காமை வேறு, அதனுள் இருப்பவை அழிதல் வேறு.

2024 ஜூலை 19 அன்று உலகமே இதனைக் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பொன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. பெங்களூர் விமான நிலையத்திலும் சேவைகள் தடுமாறின. ஆயினும், பாதுகாப்பு முறையில் தொடங்கி அந்த ஒரு கோப்பை நீக்கியதும் பெரும்பாலான பொறிகள் எழுந்துவிட்டன. உள்ளிருந்த செய்திகள் அழியவில்லை.

வீட்டுப் பொறிக்கு வருவோம். விளக்கும் எரியாமல் விசிறியும் சுழலாமல் இருந்தால் குறை மின்சாரத்தின் வழியில் உள்ளது. சித்திரை, வைகாசி மாதங்களில் இடியும் மின்னலுமாய் மழை பெய்த மறுநாள் இவ்வாறு நேர்வது மிகுதி. யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்துச் சுவர்ப் பொருத்துவாயில் நேரே இணைத்துப் பார்க்கலாம். அப்பொழுதும் உயிர் வாராதாயின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பழுதாகியிருக்கலாம். அதனைப் புதிதாக மாற்றுவதே முறை. உட்புறத்தை நாம் திறத்தல் ஆகாது. அணைத்த பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், திரையின் கம்பியை முதலில் நோக்குக. அடுத்து ஐயத்திற்குரியது ராம் என்னும் நினைவகத் தகடு. மின் இணைப்பை அறவே நீக்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, தகட்டைக் கழற்றி, இருபுறக் கவ்விகளும் ஒலியெழப் பற்றும்வரை மீண்டும் அழுத்துதல் வேண்டும். இது வேடிக்கையாகத் தோன்றினும் பல பொறிகள் இவ்வளவிலேயே பிழைத்துக் கொள்கின்றன. கடிகாரம் நாள்தோறும் தவறினால், சிஆர்2032 என்னும் 3 வோல்ட் வில்லை மின்கலத்தை மாற்றிவிடலாம்.

சின்னம் தோன்றியபின் நின்றுவிடுவதே கவனம் மிக வேண்டும் நிலை. செருகி மறந்த பென்டிரைவை அகற்றிப் பார்க்கலாம். பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து டக்டக்கென்று ஒலி கேட்டால் உடனே அணைத்துவிடுக. மீண்டும் மீண்டும் முயல்வதே அதற்கு நஞ்சு. 48 இலக்கத் திறவுகோல் கேட்டால் அஃது பிட்லாக்கர் பூட்டு. அத்திறவுகோல் பெரும்பாலும் நம் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பழுது பார்ப்போர் பலர். புதிய விண்டோஸ் ஏற்றிவிடுவது அவர்களுக்கு விரைவான வழி. நமக்கோ அதனால் பட்டாவும் படமும் போய்விடலாம். பொறியைக் கொடுக்கும்போதே 'டேட்டா பேக்கு' என்று கன்னடத்தில் அழுத்திச் சொல்லுக. அச்சொல் தமிழ்ச் செவிக்கு வேறு பொருள் தருமாயினும் ஆங்கே 'வேண்டும்' என்பதே பொருள். டிஸ்க்கைத் தனியே எடுத்து வேறொரு கணிப்பொறியில் இணைத்தால், டிஸ்க் பழுதடையாமலும் பூட்டப்படாமலும் இருக்குமிடத்து, கோப்புகள் பெரும்பாலும் அப்படியே தோன்றும். அவற்றைப் படியெடுத்த பின்னரே ஏனைய வேலை.