சாயாவின் சிவப்பும் குடல் புற்றுநோயும்

எங்கள் கருங்கல் ஊர்ச் சந்தைப் பக்கம் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடிக்காத ஆளைப் பார்ப்பது அரிது. அந்தச் செந்நிறத்தைத் தருபவை தியாஃபிளேவின், தியாருபிஜின் என்ற நிறமிகள். கொழுந்தைக் கசக்கிக் காற்றாட விடும்போது, இலையிலுள்ள கேட்டசின்கள்தான் இப்படி மாறுகின்றன. இவற்றில் ரத்தத்தில் கலப்பது கொஞ்சமே. பெரும்பகுதி பெருங்குடல்வரை போய்விடுகிறது. குடல் புற்றுநோய் ஆய்வாளர்களின் கவனம் இவற்றின்மேல் திரும்பியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச் செல்களின் பெருக்கத்தை இவை குறைத்திருக்கின்றன.

மனித உடம்பில் அதே பலன் கிடைக்குமா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல், கேட்டசின்கள் இப்படி மாறாத பச்சைத் தேயிலை பற்றிய 142 ஆய்வுகளை, 11 லட்சம் பேரின் தரவுகளை அலசியது. புற்றுநோயைப் பச்சைத் தேநீர் தடுக்கிறது என்று உறுதிசெய்ய முடியவில்லை. நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான். ஆனால் அது இன்னும் மருந்தாகவில்லை. இதை மறைத்து மாத்திரையும் பொடியும் விற்பவர்களிடம்தான் ஆபத்து இருக்கிறது. பச்சைத் தேயிலைச் சாற்றிலுள்ள ஈ.ஜி.சி.ஜி என்ற கேட்டசின், மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

சாப்பாட்டோடு சாயா குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். நடுவயதைத் தாண்டியவருக்குக் காரணம் தெரியாமல் ரத்தசோகை வந்தால், "சாயா குடி கூடிப்போச்சு" என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடக் கூடாது. பெருங்குடலில் வளரும் கட்டி சத்தமில்லாமல் ரத்தம் கசியவிடுவதும் அப்படித்தான் வெளிப்படும். மலத்தில் ரத்தம் கண்டதும் மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் லேகியம் தின்பது இன்னும் மோசம். மூலம்தானா என்பதைப் பரிசோதித்த டாக்டர் சொல்லட்டும். மலம் கழிக்கும் வழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் போய்க் காட்ட வேண்டும். நாட்டின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையே முதன்மையாகப் பார்க்கிறது. குடலுக்கு யாரும் வீடு தேடி வரமாட்டார்கள். நாம்தான் கேட்டுப் போக வேண்டும்.

சட்டம் மக்கள் பக்கம் இருக்கிறது. புற்றுநோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு.

சாயாவின் சிவப்பு இலையுடையதுதானா, தேயிலையில் சாயம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்ததும் பளிச்சென்று நிறம் பிடித்தால் சந்தேகப்பட வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டி ஆய்வுக்குக் கொடுக்க நுகர்வோருக்கு உரிமை இருக்கிறது. பொருள் விதிமுறைக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகாரும் கொடுக்கலாம்.

சிகிச்சைச் செலவுக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடக்கம். கருங்கல்காரர்களுக்கு மாவட்டத்திலேயே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் கூச்சப்படாமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.