மீன்வள அறிவியலாளரின் ஆய்வு வெளியீடும் மேற்கோள் தாக்கமும்: ரிக்கர், அழகர்சாமி ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஆய்வாளர் ஒருவரின் பணியை அவருடைய கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கையால் மதிப்பிடும் முறை இன்று பரவலாகியுள்ளது. கனடாவின் சால்மன் மீன்வள அறிவியலாளர் வில்லியம் ரிக்கர், தமிழகக் கடற்கரையில் முத்து வளர்ப்பு ஆய்வை வெற்றிபெறச் செய்த கே. அழகர்சாமி ஆகிய இருவரின் வெளியீடுகளையும் ஒப்பிட்டு, மேற்கோள் எண்ணிக்கை எதனைப் பதிவுசெய்கிறது, எதனைத் தவறவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மேற்கோள் தாக்கம், மீன்வள அறிவியல், எச்-சுட்டெண், முத்து வளர்ப்பு, ஆய்வு மதிப்பீடு.

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில், ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளுக்கு அருகே அமைந்த கடற்கரை ஊர் கடப்பாக்கம். இக்கடற்கரையோர மக்கள் நன்கறிந்த காலா மீன் ஆங்கிலத்தில் ‘இந்தியன் சால்மன்’ என்று வழங்கப்படுகிறது. ஆயினும் காலா, பாலினெமிடே குடும்பத்தைச் சார்ந்தது; குளிர்நீரில் வாழும் உண்மையான சால்மன், சால்மனிடே குடும்பத்தைச் சார்ந்தது. பெயர் ஒன்றாயினும் மீன் வேறு. ஆய்வுத் தரவுத்தளத்தில் ‘சால்மன்’ என்னும் சொல்லை மட்டும் இட்டுத் தேடுவோருக்கு இவ்விரு மீன்களைப் பற்றிய கட்டுரைகளும் கலந்து கிடைக்கக்கூடும். எண்ணத் தொடங்கும் முன் எண்ணப்படுவது எது என்பதைத் தெளிதல் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும். அறிவியலாளரின் மேற்கோள்களை எண்ணும்போதும் இத்தெளிவு இன்றியமையாதது.

மேற்கோள் அளவீடுகள்

யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, ஒரு கட்டுரையை எவரெவர் எடுத்தாண்டனர் என்பதை அறிய வழிசெய்தது. 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ், எச்-சுட்டெண்ணை முன்மொழிந்தார். ஒருவர் எழுதிய கட்டுரைகளுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 மேற்கோள்களைப் பெற்று, 11 கட்டுரைகள் 11 மேற்கோள்களை எட்டாதிருப்பின் அவருடைய எச்-சுட்டெண் 10 ஆகும். ஒரே கட்டுரை ஆயிரம் மேற்கோள்களைப் பெற்றாலும் இச்சுட்டெண் அதனால் ஒன்றுக்கு மேல் உயர்வதில்லை. மேலும், ஒரு தரவுத்தளம் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்ட வெளியீடுகளையே எண்ணும் என்பதால், ஒரே ஆய்வாளருக்கு வெவ்வேறு தளங்கள் வெவ்வேறு எண்களைக் காட்டுகின்றன.

ரிக்கர்: முறையியலின் பயணம்

வில்லியம் எட்வின் ரிக்கர் (1908–2001) பசிபிக் சால்மன் மீன்களை ஆராய்ந்தவர். பசிபிக் சால்மன் இனங்கள் பெரும்பாலும் முட்டையிட்டபின் இறந்துவிடுவதால், ஒரு தலைமுறையின் தாய்மீன்களையும் அவற்றின் வழிவந்து வளர்ந்த மீன்களையும் தனித்தனியே கணக்கிட இயலும். 1954இல் வெளியான தம் கட்டுரையில், தாய்மீன்களின் எண்ணிக்கை ஓர் அளவைக் கடந்தால் அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகாமல் குறையும் என்னும் நிலையை அவர் ஒரு சமன்பாடாக வடித்தார். அதுவே ‘ரிக்கர் வளைகோடு’ எனப்படுகிறது.

மீன்தொகைக் கணக்கீட்டு முறைகளைத் தொகுத்து 1958இலும் 1975இலும் அவர் அளித்த கையேடுகள், கனடா அரசின் மீன்வள ஆராய்ச்சி வாரியத்தின் அறிக்கை வரிசையில் வெளிவந்தவை. இதழ்க் கட்டுரைகளாக அமையாவிடினும் அவை உலகெங்கும் எடுத்தாளப்பட்டன. மீன் இனமும் கடலும் மாறினாலும் கணக்கீட்டு முறை பயன்படும் என்பதே இதற்குக் காரணம். வளைகோட்டின் பெயரை மட்டும் குறிப்பிட்டு மூலக் கட்டுரையைச் சுட்டாமல் விடும் வழக்கும் உண்டு. ஒரு கருத்து பொது அறிவாகக் கலந்துவிடும்போது அதன் மூலம் மேற்கோளிலிருந்து மறைவதைச் சமூகவியலாளர் ராபர்ட் கே. மெர்ட்டன் எடுத்துக்காட்டியுள்ளார்.

அழகர்சாமி: இடம்சார் ஆய்வு

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1972இல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. 1973இல் அழகர்சாமி மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளுள் மணியைப் பொருத்தி உருண்டை வடிவ முத்துகளை உருவாக்குவதில் வெற்றி கண்டார். இம்முடிவு 1974இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் சிறு கட்டுரையாக வெளிவந்தது. முத்துச்சிப்பியின் இளவுயிரிகளை ஆய்வகத்தில் வளர்த்துச் சிப்பிக்குஞ்சுகளைப் பெற்றமை குறித்துச் சக அறிவியலாளர்களுடன் இணைந்து எழுதிய கட்டுரை 1983இல் ‘அக்வாகல்ச்சர்’ என்னும் பன்னாட்டு இதழில் இடம்பெற்றது. இவற்றோடு, நிலையத்தின் அறிக்கைகள் வழியாகவும் இத்தொழில்நுட்பம் பரவியது.

1987இல் சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது அழகர்சாமி அதன் முதல் இயக்குநரானார். கடப்பாக்கத்திற்கு வடக்கே, இதே மாவட்டக் கடற்கரையில் உள்ள முட்டுக்காட்டில் அந்நிலையத்தின் ஆய்வுப்பண்ணை இயங்குகிறது. 1997இல் அந்நிலையம் கொடுவா மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி பெற்றது. இவ்வெற்றிக்கான மேற்கோள்கள் அவ்வாய்வை எழுதியவர்களுக்கே சேரும், அதுவே முறையுமாகும். ஆயின், நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய பணியைப் பதிவுசெய்ய எந்தச் சுட்டெண்ணிலும் இடமில்லை.

வேறுபாட்டின் காரணங்கள்

இருவருக்குமான வேறுபாட்டை மூன்று நிலைகளில் விளக்கலாம். முதலாவது, ஆய்வின் இயல்பு. முறையியல் ஆய்வு எல்லாக் கடல்களுக்கும் பொருந்தும். இடம்சார் ஆய்வை அவ்விடத்தையோ அவ்வுயிரினத்தையோ ஆராய்வோரே பெரிதும் எடுத்தாள்வர். இரண்டாவது, வெளியீட்டு வடிவம். தொழில்நுட்ப அறிக்கை, பயிற்சிக் கையேடு, தமிழில் எழுதப்பட்ட விளக்கநூல் ஆகியவற்றை மீனவரும் பண்ணையாளரும் படித்துப் பயன்கொள்கின்றனர். அவர்கள் கட்டுரை எழுதுவதில்லை ஆதலின் அப்பயன் மேற்கோளாவதில்லை. மூன்றாவது, பெயர்ப் பதிவு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் தமிழ் மரபும், ஒரே பெயரை ஆங்கிலத்தில் ‘சாமி’ என்றும் ‘சுவாமி’ என்றும் எழுத இடமிருப்பதும் ஒருவரின் கட்டுரைகளை இருவருடையனவாகப் பிரித்துவிடக்கூடும். 2012இல் அறிமுகமான ஆர்சிட் எண் இக்குறையைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாகும்.

முடிவுரை

மேற்கோள் எண்ணிக்கை பொய்யன்று. அது ஆய்வாளர்களுக்கிடையே நிகழும் எடுத்தாளுகையை மட்டும் அளக்கிறது. ஆய்வு மதிப்பீட்டிற்கென 2015இல் வெளியான லைடன் அறிக்கை, வட்டாரத் தேவை சார்ந்த ஆய்வின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்பதைத் தன் பத்து நெறிகளுள் ஒன்றாக வைத்துள்ளது. பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் எண்ணிக்கையை மட்டும் நோக்கினால், உள்ளூர்க் கழிமுகத்தையோ தமிழ்ச்சுவடியையோ ஆராய விழையும் இளைய ஆய்வாளர் அதனைக் கைவிட்டு, மேற்கோள் மிகுதியாகக் கிடைக்கும் பொருளை நாட நேரும். ஆகவே மதிப்பிடுவோர் சுட்டெண்ணோடு நில்லாது, ஆய்வாளரின் முதன்மையான வெளியீடுகளை வாசித்தல், அறிக்கைகளையும் தமிழ் நூல்களையும் கணக்கில் கொள்ளுதல், ஆய்வு நடைமுறையில் விளைத்த மாற்றத்தை ஆராய்தல் ஆகியவற்றையும் மேற்கொள்ளுதல் வேண்டும். ரிக்கரின் வளைகோடு நூலகங்களில் தடம் பதித்தது. அழகர்சாமியின் பணி சிப்பிப் பண்ணையிலும் ஆய்வு நிறுவனத்திலும் தடம் பதித்தது. இரண்டையும் ஒரே எண்ணால் அளத்தல் இயலாது.