சுவிட்சை அணைத்த பிறகும் மின்சாரம் தாக்கும்!

பட்டறையில் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டுவிட்டது. மோட்டார்கள் நின்றுவிட்டன. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. "கரண்ட் போய்விட்டது" என்று எலக்ட்ரீசியன் பெட்டிக்குள் கையை விடுகிறார்.

அடுத்த நொடி தூக்கி எறியப்படுகிறார்!

மின்சாரம் வேறு எந்த வழியாகவும் வரவில்லை. பெட்டிக்குள்ளேயே தங்கியிருந்தது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் தோசைக்கல்லின் சூடு பக்கத்தில் போனாலே தெரியும். இது தொடும் வரை தெரியாது.

587 வோல்ட்

மின்சாரத்தை இப்படிப் பிடித்து வைத்துக்கொள்வது 'கெப்பாசிட்டர்'. மின்கட்டணத்தில் 'பவர் பேக்டர்' அபராதம் வராமல் இருக்கத் தொழிற்சாலைகளில் இதை வரிசையாக வைத்திருப்பார்கள். 415 வோல்ட் லைனில் உள்ள கெப்பாசிட்டரில், சுவிட்சை அணைத்த கணத்தைப் பொறுத்து, சுமார் 587 வோல்ட் வரை தங்கிவிடக்கூடும். 415 என்பது ஒருவகைச் சராசரிதான். மின் அலையின் உச்சம் அதைப்போல் 1.41 மடங்கு.

இதை வடிப்பதற்கென்றே கெப்பாசிட்டரோடு ஒரு ரெசிஸ்டரை இணைத்திருப்பார்கள். சில நிமிடங்களில் வடிந்துவிடும். அந்த ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால்? வெளியே தெரியாது.

மோட்டார் வேகத்தை மாற்றும் 'டிரைவ்' பெட்டிகளிலும் இதே கதைதான். அணைத்து இத்தனை நிமிடம் கழித்தே திறக்க வேண்டும் என்று மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். சூப்பர்வைசர் அவசரப்படுத்தும்போது அதை யார் படிக்கிறார்கள்!

டெஸ்டர் ஏன் ஏமாற்றியது?

டெஸ்டர் விளக்கு எரிய வேண்டுமானால் மின்சாரம் நம் உடல் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். கெப்பாசிட்டரில் மிஞ்சியிருப்பதோ அதன் இரு முனைகளுக்கும் இடையே நிற்கும் மின்சாரம். தரையோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஆகவே விளக்கு எரியாமலே போகலாம். இரண்டு முனையிலும் கைபட்டால் மட்டும் தாக்கும். இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை.

பிரான்சையே கொடுத்தாலும்...

இந்த அடியை வாங்கியவர்களில் பெரிய பேராசிரியர்களும் உண்டு. 1746-ம் ஆண்டு ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் முஸ்ஷன்புரூக் என்பவர் ஜாடித் தண்ணீரில் மின்சாரத்தைத் தேக்கிப் பார்த்தார். உடம்பே ஆடிப்போயிற்று. பிரான்ஸ் ராஜ்யத்தையே கொடுத்தாலும் இன்னொரு முறை இந்த அடியை வாங்கமாட்டேன் என்று பாரிஸ் விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதினார்!

அந்த 'லெய்டன் ஜாடி'யில் ஒரு விசித்திரம். மின்சாரத்தை முழுவதும் வெளியேற்றிய பிறகும், சற்று நேரம் சும்மா வைத்திருந்தால் மீண்டும் கொஞ்சம் ஊறும். இறைத்த கிணற்றில் தண்ணீர் ஊறுவது போல. பெரிய கெப்பாசிட்டர்களிலும் நீண்ட கேபிள்களிலும் இன்றும் இப்படி ஊறுகிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எர்த் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு எடுக்கமாட்டார்கள். வேலை முடியும் வரை அப்படியே விட்டுவைப்பார்கள்.

லோக்கல் ரெயில் கம்பி

மும்பையில் லோக்கல் ரெயில்களுக்கு மேலே ஓடும் கம்பியிலும் இதே ஆபத்து உண்டு. 1925-ல் 1,500 வோல்டில் தொடங்கிய மும்பை மின்சார ரெயில், 2016-க்குள் முழுவதும் 25,000 வோல்டுக்கு மாறிவிட்டது.

நள்ளிரவில் ஒரு பாதையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பி வேலை பார்க்கிறார்கள். பக்கத்துப் பாதையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால், தொடாமலே இந்தக் கம்பியிலும் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் ஏறிவிடும். எனவே தொழிலாளி ஏணியில் ஏறுமுன், வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் செய்யும் நீண்ட கோல்களை மாட்டுவார்கள். எர்த் முனையை முதலில் இணைத்துவிட்டுத்தான் மேல் கம்பியில் மாட்ட வேண்டும். எடுக்கும்போது மேல் கம்பியிலிருந்துதான் முதலில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் கோலைப் பிடித்தவர் கதி அதோகதிதான்.

உதவும் மிச்சம்

மிஞ்சுவதெல்லாம் கெடுதல் அல்ல. ஜெனரேட்டர் நின்ற பிறகும் அதன் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். மறுபடி சுழலும்போது அந்தச் சிறு காந்தம் சிறு மின்சாரத்தை எழுப்பும். அந்த மின்சாரம் காந்தத்தை வளர்க்கும். இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ் 1867-ல் அறிவித்த டைனமோவின் ரகசியம் இதுதான்.

மாதக்கணக்கில் மூலையில் கிடந்த ஜெனரேட்டர் சில சமயம் நன்றாக ஓடும். ஆனால் பல்பு எரியாது. இரும்பில் இருந்த காந்தம் வடிந்துபோயிருக்கும். மெக்கானிக் வந்து அதன் காயிலில் சில நொடிகள் பேட்டரி மின்சாரத்தைக் கொடுப்பார். பழைய காந்தம் திரும்பிவிடும். பல்பும் எரியும்.