கமிஷன் தரும் கட்டுரை: படிப்பவர் வாங்குபவராக மாறுவது எப்படி?

சொந்தமாக வெப்சைட் ஒன்றைத் தொடங்கி, அதில் பொருட்களைப் பற்றி எழுதிக் கமிஷன் பெறலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதனை அபிலியேட் மார்க்கெட்டிங் என்று அழைக்கின்றனர். கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே இதில் இறங்கியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “தினமும் பலர் வந்து படிக்கிறார்கள். ஆனால் யாரும் வாங்குவதில்லையே, ஏன்?” இதற்கான பதிலை ஓர் எடுத்துக்காட்டுடன் இங்கு காணலாம்.

இது எப்படி இயங்குகிறது?

அமேசான் நிறுவனம் 1996 ஜூலையில் தன் அபிலியேட் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தில் சேர்ந்தவுடன் உங்களுக்கென ஓர் அடையாளக் குறியீடு தரப்படும். நீங்கள் அமைக்கும் ஒவ்வொரு லிங்க்கிலும் அது இருக்கும். உங்கள் கட்டுரையைப் படிப்பவர் அதில் கிளிக் செய்தால், அவர் கம்ப்யூட்டரில் குக்கி என்னும் சிறிய டெக்ஸ்ட் பைல் ஒன்று பதியப்படும். இவர் உங்கள் மூலம் வந்தவர் என்பதைக் கடை இதனை வைத்துத்தான் அறிந்து கொள்கிறது. அமேசானில் இதன் ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால், 90 நாட்கள் வரை அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கும். வாங்குபவர் இதற்காகக் கூடுதலாக எதுவும் தருவதில்லை. ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அவர் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் உங்கள் கமிஷனும் திரும்பிப் போய்விடும். எனவே, எப்படியாவது வாங்க வைத்தால் போதும் என்று எழுதுவதில் பயனில்லை. வாங்கியவர் அதனை வைத்துக் கொள்ள வேண்டும்.

வருபவர் யார்?

“பிரிண்டர் எப்படி இயங்குகிறது?” என்று தேடி வருபவரும், “கல்லூரியில் படிக்கும் மகனுக்கு எந்த பிரிண்டர் வாங்கலாம்?” என்று தேடி வருபவரும் ஒன்றல்ல. முன்னவர் தெரிந்து கொள்ள வந்தவர். பின்னவர் பணத்தைக் கையில் வைத்துக் கொண்டு, முடிவு எடுக்கத் தெரியாமல் நிற்பவர். முதல் வகைக் கட்டுரையில் பத்து லிங்க் வைத்தாலும் விற்பனை அரிதாகவே நடக்கும். எனவே எழுதும் முன், இந்தக் கட்டுரை யாருக்கு, அவர் எந்த முடிவை எடுக்கத் தயங்குகிறார் என்று ஒரு வரியில் எழுதிக் கொள்ளுங்கள். அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதுதான் கட்டுரையின் வேலை.

ஒரு கணக்கு

பிரிண்டரையே எடுத்துக் கொள்வோம். கணக்குக்காக இப்படி வைத்துக் கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் போடும் பிரிண்டர் 3,000 ரூபாய். அதன் கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய். 180 பக்கங்கள் வரும். அதாவது ஒரு பக்கத்திற்கு 5 ரூபாய். இங்க் டேங்க் பிரிண்டர் 11,000 ரூபாய். 400 ரூபாய் மை பாட்டிலில் 4,000 பக்கங்கள் வரும். ஒரு பக்கத்திற்கு 10 பைசா.

இரண்டுக்கும் விலை வித்தியாசம் 8,000 ரூபாய். ஒரு பக்கத்திற்கு மிச்சமாவது 4 ரூபாய் 90 பைசா. எனவே ஏறத்தாழ 1,630 பக்கங்கள் அச்சிட்ட பின்னர்தான் விலை கூடிய பிரிண்டர் லாபம் தரத் தொடங்கும். மாதம் 100 பக்கங்கள் அச்சிடும் மாணவருக்கு இது ஒன்றரை ஆண்டுக்குள் வந்துவிடும். மாதம் 10 பக்கங்கள் மட்டும் எடுக்கும் வீட்டிற்கு 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மேலும், இங்க்ஜெட் வகைப் பிரிண்டரைப் பல நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால், மை காய்ந்து நாசில் அடைத்துக் கொள்ளும். லேசர் பிரிண்டரில் டோனர் பொடி என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது கவனியுங்கள். கமிஷன் விலையில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கிடப்படுகிறது. 11,000 ரூபாய் பிரிண்டரை எல்லாருக்கும் சிபாரிசு செய்தால் உங்களுக்கு வருமானம் அதிகம். ஆனால் மாதம் 10 பக்கம் எடுப்பவரிடம், “நீங்கள் பிரிண்டரே வாங்க வேண்டாம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எடுத்துக் கொள்ளுங்கள்” என்று சொல்வதுதான் சரியான ஆலோசனை. இதை எழுதினால் விற்பனை குறையும் என்று பலர் அஞ்சுகின்றனர். என் கருத்து வேறு. வேண்டாதவரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் கட்டுரையைத்தான், வேண்டியவர் நம்பிக் கிளிக் செய்வார். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக் கொண்டு வருபவருக்கு, எதிரில் இருப்பவர் தரகரா, நண்பரா என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

எழுதும் முறை

1. முதல் பத்தியிலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். மாணவருக்கு இது, எப்போதாவது அச்சிடும் வீட்டிற்கு இது, இவர்களுக்கு எதுவும் வேண்டாம் என்று பிரித்துக் கொடுங்கள். காரணங்கள் பின்னால் வரட்டும்.

2. கம்பெனி தரும் குறிப்புகளைக் காப்பி செய்து பேஸ்ட் செய்திட வேண்டாம். அவை கடையின் பக்கத்திலேயே உள்ளன. நீங்கள் பயன்படுத்திக் கண்டதை எழுதுங்கள். பயன்படுத்தாத பொருள் என்றால் அதனையும் சொல்லிவிடுங்கள்.

3. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறையாவது எழுதுங்கள். குறையே இல்லாத பொருள் உலகில் இல்லை என்பது படிப்பவருக்கும் தெரியும்.

4. லிங்க்கை, முடிவு எடுக்கும் இடத்தில் வையுங்கள். கணக்கைப் படித்து முடித்தவுடன் ஒன்று, கட்டுரையின் இறுதியில் ஒன்று போதும்.

5. விலையைக் கட்டுரையில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். ஆன்லைன் கடைகளில் விலை அடிக்கடி மாறும். நீங்கள் எழுதிய விலைக்கும் அங்கு காணும் விலைக்கும் வித்தியாசம் இருந்தால், வந்தவர் ஏமாற்றத்துடன் திரும்புவார்.

6. உங்கள் லிங்க் வழியாக நீங்களே வாங்கிக் கமிஷன் பெற அமேசான் அனுமதிப்பதில்லை. விதிமுறைகளை ஒரு முறையாவது முழுமையாகப் படித்திடுங்கள்.

கமிஷனை மறைக்காதீர்கள்

கமிஷன் கிடைக்கும் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே, படிக்கும்படியான எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அமேசான் தன் உறுப்பினர்களிடம் இந்த அறிவிப்பைக் கட்டாயமாகக் கேட்கிறது. நம் நாட்டில், பொருளைச் சிபாரிசு செய்பவருக்கும் விற்பவருக்கும் உள்ள தொடர்பு வெளியே தெரிய வேண்டும் என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் கூறுகின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் சிபாரிசு செய்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். கமிஷன் தரும் லிங்க்கிற்கு, அதன் எச்.டி.எம்.எல். வரியில் ஸ்பான்சர்ட் என்ற அடையாளத்தைச் சேர்க்கும் வசதியையும் கூகுள் 2019 செப்டம்பரில் அறிவித்தது.

நேர்மையாக எழுதினால் பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் பிரையன் லாம் என்பவர் 2011ல் வயர்கட்டர் என்னும் வெப்சைட்டைத் தொடங்கினார். நூறு பொருட்களைப் பட்டியல் இடாமல், சோதித்துப் பார்த்துச் சிறந்த ஒன்றைக் காரணத்துடன் சொல்வதே அதன் வழி. வருமானம் முக்கியமாக அபிலியேட் கமிஷனில் இருந்து வந்தது. 2016ல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 3 கோடி டாலர் கொடுத்து இதனை வாங்கியது.

நம்மால் அவ்வளவு பெரிதாகச் செய்திட முடியாமல் போகலாம். ஆனால் உங்கள் வீட்டில் உள்ள, நீங்கள் நன்றாக அறிந்த ஒரு பொருளைப் பற்றி இன்றே எழுதத் தொடங்கலாம். எழுதி முடித்தவுடன் ஒரு சோதனை செய்து பாருங்கள். லிங்க்குகள் அனைத்தையும் நீக்கிவிட்டு மீண்டும் படியுங்கள். அப்போதும் அது ஒருவருக்குப் பயன்படும் என்று தோன்றினால், லிங்க்குகளைத் திரும்பச் சேர்த்து வெளியிடுங்கள்.