எட்டிப் பார்க்காத 20 லேப்!

பிசிக்ஸ் பிராக்டிகல்ல ரீடிங் ஒழுங்கா வரலைன்னா என்ன செய்வீங்க? பக்கத்து டேபிளை எட்டிப் பார்த்து, அந்த நம்பரையே லேசா மாத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதிடுவீங்க. சும்மா ஒத்துக்கங்க... யார்கிட்டயும் போட்டுக் கொடுக்க மாட்டோம்!

எட்டிப் பார்க்கவே வழியில்லாத ஒரு பிராக்டிகலை, 20 ஆய்வகங்கள் சேர்ந்து செய்திருக்கின்றன. அளக்க வேண்டியது எதை? ஒற்றை மூலக்கூறை!

அதுக்குள்ள எந்த ஸ்கேலை வைக்கிறது? அதற்குத்தான் 'ஃப்ரெட்' என்கிற முறை. மூலக்கூறின் இரண்டு இடங்களில் இரண்டு ஒளிரும் சாயங்களை ஒட்டுகிறார்கள். லேசர் பட்டதும் முதல் சாயம் ஆற்றலை வாங்கி, இரண்டாவதுக்குக் கைமாத்தி விடும். கிட்டே இருந்தால் நிறைய. தள்ளிப் போனால் கொஞ்சம். கைமாறிய அளவைப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். சுமார் 10 நானோமீட்டருக்குள்தான் இந்த வித்தை பலிக்கும்!

சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு லேபிலும் கருவி வேற. ஒரு சாயத்தின் வெளிச்சம் இன்னொன்றின் கணக்கில் கசியும். ஆளுக்கொரு விதமாகத் திருத்தினால் ஆளுக்கொரு விடை வரும். அப்புறம் எதை நம்புவது?

அதனால் எல்லா லேபுக்கும் ஒரே மாதிரி டி.என்.ஏ. துண்டுகள் போயின. 'விடை' யாருக்கும் சொல்லப்படவில்லை. திருத்தும் முறை மட்டும் பொது. 2018-ல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் ரிசல்ட் வந்தது. 0 முதல் 1 வரையிலான அளவில், லேபுக்கு லேப் சிதறல் 0.02 முதல் 0.05 வரைதான். பாஸ்!

டி.என்.ஏ. துண்டு விறைப்பானது, சரி. நெளிந்து வளைகிற புரதம்? அதையும் விடவில்லை. 2023-ல் வெளியான ஆய்வில் 19 ஆய்வகங்கள் புரதங்களை அளந்தன. உண்மையான தூரத்திலிருந்து விலகல் 0.5 நானோமீட்டருக்குள் அடங்கியது. புரதம் வடிவம் மாறித்தான் பல வேலைகளைச் செய்கிறது. அந்த மாற்றத்தை அளந்த எண்ணை இனி தைரியமாக நம்பலாம்.

கவனிச்சீங்களா? காப்பியடிச்சு ஒத்துப்போற 20 விடைக்கு மதிப்பே இல்லை. தனித்தனியா அளந்து ஒத்துப்போனாத்தான் அது அறிவியல்.

அடுத்த பிராக்டிகல்ல உங்க ரீடிங் மட்டும் தனியா நின்னா, ரப்பரைத் தேடாதீங்க. அப்படியே எழுதுங்க. ஏன் மாறுச்சுன்னு ஃபிரெண்டோட உட்கார்ந்து தேடுங்க. அங்கேதான் ஆராய்ச்சியே ஆரம்பிக்குது!