ஆட்டோ கட் அடிச்சா கையை எடுத்துடணும்!

களக்காடு டாக்சி ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்கு?" என்று சும்மா ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். ஒருவர் இருபத்திரண்டு என்பார். பக்கத்தில் நிற்பவர் விடுவாரா? இருபத்தைந்து! ஏலம் சூடு பிடிக்கும். மூன்றாமவர் மட்டும் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ஏசி போட்டா, போடாமலா?" என்று திருப்பிக் கேட்பார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்த ஆள் அவர்தான்.

டீசல் கார் மைலேஜ் இருக்கிறதே, அது பிறக்கும் இடத்தை எட்டிப் பார்ப்பதைப் போல ஜாலியான வேலை வேறில்லை. முதலில் கம்பெனி சொல்லும் எண்ணைப் பார்த்துவிடுவோம். 2017-ல் வந்த மாருதி டிசையர் டீசலுக்கு லிட்டருக்கு 28.4 கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். நம்ம ஸ்டாண்டில் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது பொய்யும் இல்லை! பரிசோதனை அறைக்குள் உண்மையாகவே வந்த எண்தான்.

அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? புணேயில் 1966-லிருந்து இயங்கும் ஏஆர்ஏஐ ஆய்வகம் இந்த வேலைக்குப் பேர் போனது. நம்ம சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் வாகனங்களைச் சோதிக்கும் பெரிய மையம் உண்டு. சோதனை அறைக்குள் காருக்கு ரோடே கிடையாது. சக்கரம் உருளைமேல் நிற்கும், வண்டியைப் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள், முன்னால் ஒரு ராட்சத ஃபேன் காற்றை அடிக்கும். ஓட்டுநர் கண் எதிரே திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அந்தக் கோட்டை விட்டு விலகாமல் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மிதிக்க வேண்டும். மொத்தம் 1,180 விநாடி. உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான், அதுவும் கொஞ்ச நேரம். ஏசி கிடையாது. எதிரே ஆடு வராது, ஷேர் ஆட்டோ குறுக்கே திரும்பாது. 28.4 ஏன் வராது?

இந்தக் கூத்தில் என்னைத் துள்ள வைத்த சங்கதி இனிமேல்தான். அங்கே டீசலை யாரும் அளப்பதே இல்லை! புகையைத்தான் பிடிக்கிறார்கள். சைலன்சரில் குழாயை மாட்டி, வெளிவரும் புகையைக் காற்றோடு கலந்து பைகளில் சேர்க்கிறார்கள். அதில் எவ்வளவு கரி இருக்கிறது என்று பார்த்து, அதற்கு எவ்வளவு டீசல் எரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். எரிந்தால் வரும் கரியமில வாயுவோ இரண்டரைக் கிலோவுக்கும் மேல். மிச்ச எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்ஸிஜன். சைலன்சரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்த ஞாபகம்தான் வருகிறது.

(எஞ்சினைக் கட்டிப் போட்டு ஓடவிடுவது நம்ம பக்கத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சினையே அப்படித்தான் சோதிக்கிறது.)

அறையை நம்பி உலகமே ஏமாந்த கதையும் உண்டு. அதில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார்! அரவிந்த் திருவேங்கடம். அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். 2013-ல் அவரும் கூட்டாளிகளும் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் பின்பக்கம் புகை அளக்கும் கருவிகளை அடைத்துக்கொண்டு கலிபோர்னியா ரோட்டில் இறங்கிவிட்டார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினார்கள். அறைக்குள் நல்ல பிள்ளையாக இருந்த கார், ரோட்டில் நைட்ரஜன் ஆக்ஸைடை வரம்புக்குப் பல மடங்கு அதிகமாகக் கக்கியது. சோதனை நடப்பதை மோப்பம் பிடிக்கும் மென்பொருளைக் கம்பெனியே உள்ளே வைத்திருந்தது. 2015 செப்டம்பரில் குட்டு உடைந்தபோது உலகமெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள் மாட்டின. அவர்கள் தேடிப் போனது மைலேஜை அல்ல, புகையை. ஆனால் கார் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய ரோட்டுக்குத்தான் வரவேண்டும் என்பதை அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, நம்ம ரோட்டுக்கு வருவோம். கருவி கிடையாது, பை கிடையாது. நமக்கு இருப்பது ஃபுல் டேங்க் முறை. டேங்க்கை நிரப்பு, ஓட்டு, மறுபடி நிரப்பு, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகு. குழந்தைக் கணக்கு! ஆனால் மொத்த நாடகமும் அந்த 'நிரப்பு' என்ற இடத்தில்தான் இருக்கிறது.

பங்க்கில் நாசிலின் நுனியை உற்றுப் பாருங்கள். ஒரு சின்னத் துளை இருக்கும். டீசல் ஏறி அந்தத் துளையை அடைத்ததும் உள்ளே உறிஞ்சும் காற்று தடைபட்டு, 'டக்' என்று விசை விடுபடும். அதுதான் ஆட்டோ கட். தொல்லை என்னவென்றால் டீசல் நுரைக்கும். துளையைத் தொட்டது டீசலா நுரையா என்று நாசிலுக்குத் தெரியாது. வேகமாக அடித்தால் நுரை பொங்கி முன்கூட்டியே கட் ஆகும். கொஞ்சம் பொறுத்தால் நுரை அடங்கி இன்னும் அரை லிட்டர் தாராளமாக இறங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பங்க் பையன் அன்போடு கேட்பான்: "சார், ரவுண்டா போட்டுறவா?" ஐயோ, வேண்டாம் தம்பி! அந்த ரவுண்டில்தான் பாதிப் பேரின் மைலேஜ் புரளுகிறது.

அரை லிட்டர்தானே என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். இருபது கொடுக்கிற வண்டியை 100 கிலோமீட்டர் ஓட்டினால் செலவு 5 லிட்டர். நுரையில் அரை லிட்டர் இப்படி அப்படி ஆனால், இருபது என்பது பதினெட்டாகவும் தெரியும், இருபத்திரண்டாகவும் தெரியும். அதே வண்டியை 800 கிலோமீட்டர் ஓட்டி 40 லிட்டர் பிடித்தால், அதே அரை லிட்டர் பிழை சுமார் கால் கிலோமீட்டரில் அடங்கிவிடும். ஆகவே திருநெல்வேலிக்கு ஒரு நடை போய் வந்துவிட்டு மைலேஜ் சொல்கிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். விவரமானவர்கள் அதே பங்க், அதே நாசில், வண்டி நிற்கும் அதே இடம், முதல் கட்டோடு கையை எடுத்துவிட வேண்டும் என்று கறாராக இருப்பார்கள். பங்க் மேலேயே சந்தேகமா? ஐந்து லிட்டர் அளவு கேன் கேட்டால் காட்டியாக வேண்டும். அதில் 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம், அதற்குமேல் கூடாது.

கிலோமீட்டர் மீட்டரும் யோக்கியம் இல்லை. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். புது டயருக்கும் மொட்டை டயருக்கும் இரண்டு சதவீதம்வரை வித்தியாசம் வரலாம். தேய்ந்த டயர் போட்டவருக்கு மைலேஜ் இலவசமாக ஏறும்!

இனி காற்று. களக்காட்டிலிருந்து நாங்குநேரி வந்து நான்குவழிச் சாலையில் ஏறித் தெற்கே திரும்புங்கள். வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு. ஆடி மாதம் என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று முகத்தில் அறையும். இத்தனை காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? 80-ல் போகும் காருக்கு எதிர்க்காற்று 20 என்றால், கார் மோதுவது 100 கிலோமீட்டர் வேகக் காற்றோடு. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், தடை கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். போனதும் வந்ததும் சரியாகிவிடும் என்றுதானே தோன்றுகிறது? ஆகாது! ஏறியது 56 சதவீதம், இறங்கியது 44 சதவீதம்தான். காற்று எப்போதும் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்ளும்.

இரண்டு கார்களை ஒப்பிடுவது இதைவிடக் கலாட்டா. ஒரே நாள், ஒரே நேரம், முன்னும் பின்னுமாக ஓட்ட வேண்டும். பின்னால் வருகிறவருக்கு முன்வண்டி காற்றை மறைத்துவிடக் கூடாது என்பதால் நல்ல இடைவெளி விட வேண்டும். பாதி வழியில் ஓட்டுநர்கள் வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது காரை அல்ல, ஆளின் காலை. எடையும் சமமாக வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் மணல் மூட்டை ஏற்றட்டும், களக்காட்டுக்காரருக்கு ஏத்தன் வாழைத்தார் இருக்கிறதே! டிக்கியில் தார்களை அடுக்கித் தராசில் சரி பார்த்துக்கொள்ளலாம். சோதனை முடிந்ததும் பங்கு பிரிப்பதில்தான் சண்டை வரும்.

இத்தனையும் செய்த பிறகும் கவிழ்க்க ஒரு கள்ளன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறைந்ததும், கூடுதல் டீசலைச் செலவழித்துத் தன்னைச் சூடாக்கிக் கரியை எரித்துக்கொள்ளும். பல வண்டிகளில் அதற்கு விளக்குகூட எரியாது. உங்கள் சோதனைக்கு நடுவில் இது நடந்தால் நல்ல வண்டியும் அன்றைக்கு மக்கு வண்டிதான்.

சராசரி போடுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. மாஞ்சோலை மலைப்பாதையில் ஏறும்போது 8, இறங்கும்போது 24 கிடைத்தால் சராசரி 16 என்று வாய் தானாகச் சொல்லும். ஏறும் 20 கிலோமீட்டருக்கு 2.5 லிட்டர், இறங்கும் 20-க்கு 0.83 லிட்டர். கூட்டி வகுத்தால் வருவது 12! கிலோமீட்டரைக் கூட்டுங்கள், லிட்டரைக் கூட்டுங்கள், மைலேஜை மட்டும் கூட்டாதீர்கள்.

இந்தக் கணக்குகளையெல்லாம் தினசரி சாப்பாடாக வைத்திருப்பவர்கள் நம்ம அரசு பஸ் டிரைவர்கள். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் இருந்த காலந்தொட்டே பணிமனையில் கே.எம்.பி.எல். (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்) கணக்கு உண்டு. ஒரே பஸ்ஸை ஆள் மாறி ஆள் ஓட்டுவதால் யார் கால் கனம் என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரிந்துவிடும். கார்க்காரர்கள் அவர்களிடம்தான் டியூஷன் போக வேண்டும்.

மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் கார்க்காரர்கள் முக்கியமாகப் போக வேண்டும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடித்துக்கொண்டேதான் இருக்கும், எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது. கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால் இன்றைய டீசல் காரில் இன்ஜெக்டர் ஒரு சொட்டுகூட விடாது, சக்கரமே எஞ்சினைச் சுற்றும். அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள்: சில வண்டிகளில் லிட்டருக்கு 99.9 என்று காட்டும். சட்டென்று போட்டோ எடுத்து ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள். ஓட்டுகிறவர் அல்ல, பக்கத்து சீட்காரர்!