சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன், வேலை போனால் எத்தனை நாள்?

பத்து பாகாட்டில் கணினித்துறை படித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது எழுந்திருக்கும்: “வெளிநாட்டுக்குப் போகலாமா? போனால் எந்த நாடு?” பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் முடித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளும் இதே கேள்வியோடுதான் நிற்கிறார்கள்.

பேச்சு பெரும்பாலும் சம்பளத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால், மென்பொருள் துறையில் ஆட்குறைப்பு புதிதல்ல. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் மட்டும் 11,000-க்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பியது. சொந்த நாட்டில் வேலை போனால் வருமானம்தான் நிற்கும். வெளிநாட்டிலோ, பல நேரங்களில் தங்கும் உரிமையும் சேர்ந்தே போகும். அதனால் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் முதலில் கேட்கவேண்டியது: வேலை போனால் அங்கே எத்தனை நாள் இருக்கலாம்?

பக்கத்து வீடு: சிங்கப்பூர்

2025 ஜனவரி முதல், பெரும்பாலான துறைகளில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெறக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் வெள்ளி. வயது ஏற ஏற இந்த வரம்பும் உயரும். அதோடு ‘காம்பஸ்’ முறையில் பெரும்பாலோர் 40 புள்ளிகளும் பெறவேண்டும். அந்த பாஸை எடுத்துத் தருவது முதலாளி. வேலை முடிந்து பாஸ் ரத்தானால் வழக்கமாக 30 நாள் வரைதான் தங்க அனுமதி.

குடும்பத்தை ஜொகூரிலேயே வைத்துக்கொண்டு போய்வருபவருக்கு இது பெரிய இடி அல்ல. மனைவி மக்களை அங்கே குடியமர்த்தி, பிள்ளையைப் பள்ளியிலும் சேர்த்தவருக்கு அந்த 30 நாள் மிகக் குறைவு. இன்னொன்று: இந்த பாஸில் இருப்பவருக்கு அங்கே மத்திய சேமநிதி கிடையாது. இங்கே முதலாளி நம் சேமநிதியில் போடும் 12 அல்லது 13 விழுக்காட்டையும் கணக்கில் சேர்த்தே சம்பளத்தை ஒப்பிடுங்கள். பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

தூரத்து நாடுகள்

அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்கள். அங்கே முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. விண்ணப்பங்கள் மிகுவதால் குலுக்கல் நடக்கிறது. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு 100,000 டாலர் கட்டணத்தையும் அறிவித்தார்கள். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். ஒரு விஷயம் மட்டும் நமக்குச் சாதகம். அங்கே கிரீன் கார்டு வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது. மலேசியாவில் பிறந்தவர் இந்தியாவின் நீண்ட வரிசையில் நிற்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்து மனம் தளர்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆஸ்திரேலியாவில் முதலாளி வழி விசாவில் இருப்பவருக்கு, 2024 ஜூலை முதல், வேறு முதலாளியைத் தேட ஒரே தடவையில் 180 நாள் வரை கிடைக்கிறது. 189 எனும் விசா பிரிவுக்கு முதலாளியே தேவையில்லை. அது கையில் வந்த நாளிலிருந்தே நிரந்தரவாசம். வேலை போனாலும் யாரும் கிளம்பச் சொல்லமுடியாது. ஆனால், எளிதில் கிடைக்காது. 65 புள்ளிகள் என்பது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே; அழைப்பு வர அதற்கும் மேல் தேவைப்படலாம். வயதுக்கான முழுப் புள்ளி 25 முதல் 32 வயது வரைதான். 45 வயதானால் கதவு சாத்தப்படும்.

ஜெர்மனியில் ‘புளூ கார்டு’ பெற்றவர் 27 மாதங்களில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 நிலை தேறினால் 21 மாதங்களே போதும். கணினித்துறையில் மட்டும், பட்டம் இல்லாவிட்டாலும் தகுந்த அனுபவமும் சம்பளமும் இருந்தால் இந்த அட்டை கிடைக்கும். மொழி படிக்கத் தயங்காதவர்களுக்கு இது நல்ல வழி.

குடியுரிமை ஒன்றுதான்

நிரந்தரவாசம் வேறு, குடியுரிமை வேறு. வெளிநாட்டு நிரந்தரவாசத்தால் நம் நீல அடையாள அட்டைக்கு ஆபத்தில்லை. குடியுரிமை வாங்கினால் நிலைமை மாறும். ஜெர்மனி 2024 ஜூன் முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது; மலேசியா ஏற்பதில்லை. அம்மா அப்பாவைப் பார்க்கப் பத்து பாகாட்டுக்கு வரும்போது குடிமகனாக வருவதா, சுற்றுப்பயணியாக வருவதா என்பதை ஒருநாள் முடிவு செய்தாகவேண்டும்.

அப்படியானால் எந்த நாடு? இருபத்து மூன்று வயதில், கல்யாணத்துக்கு முன், சிங்கப்பூரில் தொடங்குவது குறைந்த ஆபத்துள்ள வழி. அங்கே சேரும் அனுபவம் பிறகு ஆஸ்திரேலியப் புள்ளிக் கணக்கிலும் உதவலாம். ஆனால் முப்பதைத் தொடும்போது கணக்கைத் திரும்பப் பார்த்துவிடுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பம் என்றால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும், தங்கும் உரிமையைச் சீக்கிரம் நம் பெயரிலேயே தரும் நாட்டை முதலில் பாருங்கள்.

சம்பள வரம்பும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத்துறையின் இணையத்தளத்தை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள். ஏஜென்ட் சொன்னார் என்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.